கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடு பார்க்கும் சுற்று: காசுக்குத் தகுமா?

காரைக்குடியில் எந்தக் கார்க்காரரைக் கேட்டாலும், எந்தத் தங்கும் விடுதியில் விசாரித்தாலும், செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க ஒரே பட்டியல்தான் வரும். கானாடுகாத்தான் ராஜா வீடு, அங்கேயே உள்ளே விடும் ஏதாவது ஒரு பழைய வீடு, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, ஆத்தங்குடிப் பெரிய வீடு, மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள். பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசைதான் தப்பு, கூட வருகிறவர்கள் சொல்லும் கதை அதைவிடத் தப்பு. வீட்டுக்கு வீடு "பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு" என்று மூன்றையே திருப்பிச் சொன்னால் நாலாவது வீட்டில் கால்தான் வலிக்கும்.

முதலில் ராஜா வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றை விற்பதே அந்தப் பெயரை வைத்துத்தான். அண்ணாமலை செட்டியார் கட்டியது. 1912ஆம் ஆண்டு வீடு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவருக்குச் சர் பட்டம் வந்தது 1923இல். பரம்பரையாக வழங்கும் ராஜா பட்டம் 1929இல். அதே ஆண்டில்தான் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் வந்தது. அதாவது பட்டத்துக்கு 17 வருஷம் மூத்தது இந்த வீடு. கட்டும்போது இது அரண்மனை இல்லை. பெரிய வட்டித்தொழில் குடும்பம் ஒன்று, சொந்த ஊரில், சொந்த வழக்கப்படி கட்டிக்கொண்ட வீடு. ராஜா என்றால் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைத் தொண்டைமான் என்று மண்ணை ஆண்டவர்களை வரிசையில் வைத்துப் பார்க்கிறோம். அங்கெல்லாம் அரண்மனையின் நடுவே தர்பார் இருக்கும். இங்கே நடுவே இருப்பது கல்யாணம் நடத்தும் முற்றமும், அதைச் சுற்றிச் சாமான் அறைகளும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மற்ற வீடுகளெல்லாம் தானாகப் புரிந்துவிடும். வழிகாட்டிகள் விடுவதும் இதைத்தான்.

உள்ளே பொதுவாக விடமாட்டார்கள். தனியார் வீடு, குடும்ப விசேஷங்களுக்குத் திறப்பது. ஆகவே "அரண்மனை பார்க்கலாம்" என்று சுற்று விற்கிறவரிடம், உள்ளேயா வெளியேயா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்கவே அரை மணி நேரம் தாராளமாகப் போகும். முகப்பு முழுக்கச் சுதை வேலை. தெருவில் நின்று படம் எடுத்துவிட்டு உடனே வண்டியேறாமல் ஒரு சுற்று நடந்து பின் தெருவுக்குப் போங்கள். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் என்பது இந்த ஊர்களின் இலக்கணம். முன்பக்கம் எவ்வளவு ஆடம்பரமோ, பின்பக்கம் அவ்வளவு மொட்டையான நீளச் சுவர். வீட்டின் உண்மையான நீளம் அங்கேதான் உறைக்கும்.

அடுத்ததாகக் கட்டணம் வாங்கி உள்ளே விடும் வீடு ஒன்றுக்குப் போங்கள். கானாடுகாத்தானிலேயே உண்டு. கட்டணம் சிறு தொகைதான், சில்லறையாக வைத்திருப்பது நல்லது. உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம், நேரே பாருங்கள். முகப்புத் திண்ணை, நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அத்தனை கதவும் திறந்திருந்தால் முன் வாசலில் நின்றே பின் தெரு வெளிச்சம் தெரியும். காற்று ஓடும் வழியும் அதுதான். கதவுகளைச் சாத்தி வைத்த வீட்டில் புழுங்குகிறதென்றால் வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகப்பும், பட்டாலை எனும் உட்காரும் இடமும் ஆண்களுக்கு. கணக்குப் பார்ப்பது, வருகிறவரை உட்கார வைப்பது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். நிலையைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. படுக்கை அறை என்று நினைத்து எட்டிப் பார்ப்பவர்கள் "இவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை சின்ன அறையா?" என்று கேட்பார்கள். அது அந்தத் தம்பதியின் சீர்ச் சாமான்கள் பூட்டி வைக்கும் இடம். புழக்கம் தாழ்வாரத்தில். கல்யாணமானதும் மகனைத் தனிக்குடித்தனம் வைத்துவிடுவது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) வழக்கம். ஒரே கூரை, தனித்தனி உலை. கோயில் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. வீட்டில் எத்தனை புள்ளி என்று கேட்டால், எத்தனை குடும்பம் என்று பொருள்.

இன்று பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கும் காரணம் இந்த அறைக் கணக்குதான். வீடு பங்காளிகளுக்கு அறை அறையாகப் போகும். மூன்று தலைமுறை கழிந்தால் ஒரு வளவுக்கு இருபது முப்பது பங்கு வந்துவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற எல்லோரும் ஒத்துக்கொண்டு காசு போட வேண்டும். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் உத்தரம் ஊறும், ஊறிய மரத்தில் கரையான் ஏறும், அப்புறம் பிரித்து விற்பதுதான். பர்மாவில் வட்டிக்கு விட்டுப் பணம் வந்த வழி அடைபட்டதும் இன்னொரு காரணம். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பணமாக இருந்தது மண்ணாக மாறிவிட்டது, மண்ணைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், போருக்குப் பின் நிலமும் போனது, 1960களில் தேசியமயமாக்கலில் மிச்சமும் போனது. 1940க்குப் பிறகு இந்த அளவில் புது வீடு அதிகம் எழும்பவில்லை. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941ஆம் ஆண்டு என்பார்கள். கடைசி வரிசையில் அது ஒன்று. வெளியே நின்று பார்த்தால் போதும்.

வயதைக் கண்டுபிடிக்க ஆளைக் கேட்க வேண்டியதில்லை. மாடியில்லாத ஒரே தளம், குட்டைத் திண்ணை, மரத்தூண் அல்லது கல்தூண், அடுக்கடுக்காக நாட்டு ஓடு என்றால் பெரும்பாலும் 1900க்கு முந்தியது. மாடியும் உயர்ந்த முகப்பும் சுதைப் பொம்மைகளும் வார்ப்பிரும்புத் தூணும் வந்தால் அதற்கு அடுத்த முப்பது வருஷம். வளைந்த மூலைகள், நேர்கோட்டுப் பட்டைகள், கான்கிரீட் என்றால் 1930களுக்குப் பிந்தியது. ஒரே வீட்டில் மூன்றும் உண்டு. முகப்பை மட்டும் பின்னால் புதுக்கிக்கொண்ட வீடுகள் ஏராளம், அதனால் முகப்பை நம்பி வயது சொல்லாதீர்கள். வளவுத் தூணைப் பாருங்கள்.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை வெள்ளைக்கரு கதை பொய்யில்லை, ஆனால் அது கடைசிப் பூச்சு மட்டும். அடியில் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த முரட்டுப் பூச்சு, அதன்மேல் அரைத்த நயமான பூச்சு, கடைசியில்தான் வெண்ணெயாக அரைத்த சுண்ணாம்போடு வெள்ளைக்கரு. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் கலவையில் சேரும். வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்தப் பளபளப்பு பெயிண்டில் வராது. சுவரில் எங்கே உப்புப் பூத்து, கொப்புளித்து, தோல் உரிகிறதோ அங்கே உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் சிமெண்ட் ஒட்டுப் போட்டிருக்கும், அல்லது பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். அடைபட்ட ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பழைய வீட்டை நன்றாகப் பராமரிக்கிறார்களா என்று தெரிய இதைவிட எளிய சோதனை கிடையாது.

தண்ணீர்ப் போக்கையும் பார்த்துவிடுங்கள். வளவைச் சுற்றிய நாலு கூரையும் முற்றத்தை நோக்கித்தான் சரியும். மூலையில் தகரக் குழாய் அல்லது செம்புக் குழாய் இறங்கும், அடியில் அண்டா வைத்து முதல் மழை போன பிறகு பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்துக் கல் தளத்தின் துவாரம் வழியே தெருச் சாக்கடைக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். மழை குறைந்த ஊரில் பணத்தைத் தேக்கில் கொட்டியவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்கவில்லை. அந்தத் துவாரம் அடைபட்ட வீட்டில் முற்றத்து மூலையில் பாசி தெரியும். நடுப்பகலில் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், சுட்டுவிடும். தாழ்வாரத்திலேயே சுற்றி வாருங்கள்.

ஆத்தங்குடிப் பெரிய வீடு, லட்சுமி விலாஸ் என்றும் சொல்வார்கள், இந்தச் சுற்றிலேயே காசுக்கு முழு மதிப்பு தருவது. வாசலுக்கு மேலே சாமிச் சிலைகளோடு வெள்ளைக்காரச் சிப்பாய் பொம்மைகளும் நிற்கின்றன. உள்ளே போனால் கூரையைப் பார்க்க வேண்டிய வீடு இது, மேலே சொன்னதற்கு நேர் எதிர். வண்ணம் தீட்டிச் செதுக்கிய மரக்கூரை. கழுத்து வலிக்கும், பரவாயில்லை. சினிமா ஆட்கள் அடிக்கடி வருவதால் படப்பிடிப்பு நாளில் போய் ஏமாறாதீர்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்வது உத்தமம். கூட்டம் விழும் வீடு என்பதால் காலையில் முதல் ஆளாகப் போவதுதான் சரி. அதனால்தான் வரிசை தப்பு என்று தொடக்கத்திலேயே சொன்னது. கார்க்காரர்கள் இதைக் கடைசியில் வைப்பார்கள், நீங்கள் முதலில் கேளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது, கல் ஊற்றுவது காலை வேலை. வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஆக்ஸைடு நிறப்பொடி கலந்த சிமெண்ட் குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை ஒரே இழுப்பில் தூக்குவது கைப்பழக்கம், அங்கே நடுங்கினால் நிறம் கலந்துவிடும். மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவுவார்கள், ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் மணல் சிமெண்ட் கலவை போட்டு மட்டம் தட்டி, ஒரு நாள் நிழலில் காயவைத்து, பிறகு சில நாள் தொட்டித் தண்ணீரில். கண்ணாடி தானாகக் கழன்றுவரும், அந்தப் பக்கம்தான் மினுக்கம். சூளை கிடையாது. நன்றாகத் தண்ணீர் குடிக்காத கல் பின்னால் வெடிக்கும், ஆகவே எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாங்குவதானால் கணக்கு இது. நூறு சதுர அடிக்கு 12 அங்குலக் கல் 100, பத்து அங்குலக் கல் 144, எட்டு அங்குலக் கல் 225. உடைசலுக்கும் மூலை வெட்டுக்கும் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். பிறகு வந்து கேட்டால் அதே நிறம் கிடைக்காது, கையால் கலக்கும் நிறம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித்தான் வரும். முக்கால் அங்குலக் கனமுள்ள கல் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய நாலு கிலோ. நூறு அடிக்கே நானூறு கிலோ ஆகிறது. காரில் போட்டுக்கொண்டு போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வண்டியில் படுக்க வைத்து அடுக்கினால் மூலை உடையும், நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள். பதிக்கும்போது இடைவெளி விடாமல் நெருக்கிப் போட வேண்டும். மிஷின் போட்டு ஆழமாகத் தேய்க்கவே கூடாது, பூவேலை மேல்தோல் அளவுதான். தரையடியில் ஈரம் ஏறும் இடத்திலும் உப்புத் தண்ணீரில் குழைத்த கலவையிலும் வெள்ளை பூக்கும். ஆசிட் வகை எதையும் காட்டாதீர்கள். தினமும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்க மெருகு கூடும். வெயில் நேரே விழும் மொட்டைமாடிக்கு இது ஏற்ற கல் இல்லை, நிறம் வெளுக்கும்.

மதியச் சாப்பாடு. பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவர்கள் வெளியாட்களுக்கும் இலை போடுகிறார்கள், ஆனால் முதல் நாளே சொல்ல வேண்டும். விலை காரைக்குடி மெஸ்ஸைவிடப் பல மடங்கு. அந்த விலைக்கு என்ன கேட்க வேண்டும் என்றால் மிளகுக் கோழியை அல்ல, அது எங்கும் கிடைக்கும். மண்டி (அரிசி கழுவிய நீரில் வைப்பது), தண்ணிக் குழம்பு, உப்புக்கறி, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி இனிப்பு என்று வீட்டுச் சமையலைக் கேளுங்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நாக்கு எரிய வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வீட்டு ஆச்சிமார் கைச் சமையலில் காரத்தைவிட வாசனைதான் முன்னே நிற்கும். எரிச்சல் மட்டுமே மிஞ்சினால் அது வெளியூர்க்காரருக்காகப் போட்ட இலை.

இரவு தங்குவதானால், பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அறை வளவை ஒட்டியதா, மாடியிலா, பின்னால் புதிதாகக் கட்டியதா? வளவு அறையில் வீட்டின் ருசி இருக்கும், ஜன்னல் குறைவு. மாடி அறையில் காற்று வரும், படி செங்குத்து. இரண்டாவது, குளியலறை எங்கே இருக்கிறது? சாமான் அறைகளுக்குக் குளியலறை ஒருநாளும் கிடையாது, பின்னால் ஒட்டவைத்ததுதான். அந்த ஒட்டுச் சுவரில்தான் முதலில் ஈரம் அடிக்கும், படுக்கைக்குப் பின்சுவர் அதுவாக இருந்தால் வேறு அறை கேளுங்கள். மூன்றாவது, வயதானவர்கள் வருவதாக இருந்தால், வாசல் படி எத்தனை, உள்ளே நிலைப்படி எவ்வளவு உயரம்? பெரும்பாலான வீடுகள் ஆள் மார்பு உயரத் தளத்தின்மேல் நிற்பவை. உள்கதவுகளில் குனியாமல் போகிறவர்களுக்குத் தலையில் ஒரு புடைப்பு நிச்சயம். மே மாதம் வேண்டாம். மார்கழி, தை, மாசி நல்ல காலம், கல்யாண நாட்களில் மட்டும் வீடுகள் சொந்தக்காரர்களுக்கே போய்விடும்.

பழஞ்சாமான் தெருவில் ஒரு மணி நேரம் போதும். எனாமல் தூக்கு, மர அச்சு, பழைய பூட்டு மாதிரிச் சின்னச் சாமான்கள் வாங்கலாம். முழு நிலைக்கதவையும் தூணையும் விலை பேசும்போது, அது இடிக்கப்பட்ட ஒரு வளவிலிருந்து வந்தது என்பதை மறக்க முடியவில்லை. புது மரத்தில் பழைய நிறம் ஏற்றியதும் கலந்து கிடக்கும். கதவின் பின்பக்கத்தையும் கீல் பிடித்த இடத்தையும் தடவிப் பாருங்கள், நூறு வருஷம் ஆடிய கீல் மரத்தைத் தின்றிருக்கும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பல்லவன் ரயில் காரைக்குடி வரை வருகிறது. திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தூரம், தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். கானாடுகாத்தானுக்குக் காரைக்குடியிலிருந்து பஸ் உண்டு, ஆத்தங்குடியையும் சேர்ப்பதானால் கார்தான் சரி. திரும்பும் வழியில் பத்து நிமிஷம் ஒதுக்கிச் செட்டிநாடு ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். திருச்சி–மானாமதுரைப் பாதையில் சின்ன நிலையம், எந்தச் சுற்றுப் பட்டியலிலும் இருக்காது. ராஜா குடும்பத்துக்கென்று அங்கே தனிக் காத்திருப்பு அறை வைத்துக் கட்டினார்கள். வீட்டில் இல்லாத ராஜாங்கம் அந்த ஒரு அறையில்தான் இருக்கிறது.